குழந்தை சாட்சிக் கூண்டில் ஏறும் நாள்: புதிய வழக்கறிஞர்களுக்கு

குழந்தை சாட்சி இருக்கும் கொலை வழக்குக் கட்டு முதல் தடவை கைக்கு வந்ததும் ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சின்னப் பிள்ளை சொன்னா செல்லுமா சார்?"

செல்லும். அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் குழந்தை சாட்சி சொல்லத் தகுதியுள்ளதா என்பது ஒன்று. அது சொன்னதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் குழந்தை கூண்டில் ஏறிய சில நிமிடங்களில் பதில் தெரிந்துவிடும். இரண்டாவதற்கு மேல்முறையீடு வரை பதில் தேட வேண்டியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாதாடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

பேச்சு வசதிக்காக ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பெண் குழந்தை. இரவு எட்டரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு நோட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். அவளுடைய அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, அரிவாளால் வெட்டிவிட்டு ஓடுகிறார். நேரில் பார்த்தது அவள் ஒருத்திதான்.

எந்தச் சட்டம், எந்த வயது

கட்டைப் பிரித்ததும் தேதிகளைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமும் (புதிய சாட்சியச் சட்டம்) பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) நடைமுறையில் உள்ளன. அன்றைக்கே விசாரணை நிலுவையில் இருந்த வழக்குகளில் பழைய 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம்தான் தொடரும். உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை, எண்கள் மாறியிருக்கின்றன. பழைய பிரிவு 118 இப்போது 124. பழைய 134 இப்போது 139. வாதத்தின்போது எண்ணைத் தவறாகச் சொல்லித் திணறாமல் இருக்க, இரண்டு எண்களையும் கட்டின் மேலட்டையில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வயது. சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று எதுவும் கிடையாது. பிரிவு 124 கேட்பதெல்லாம், கேள்வி புரிகிறதா, புரிந்து பொருத்தமாகப் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான். ஐந்து வயதுக் குழந்தை இதில் தேறலாம், பத்து வயதுக் குழந்தை தேறாமலும் போகலாம். ஆனால் வேறு சில காரியங்களுக்கு வயதுக்கோடு உண்டு. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் சத்தியப் பிரமாணம் பற்றிய விதி மாறும். பதினைந்துக்குக் கீழ்ப்பட்ட சிறுவனையும், எந்த வயதுப் பெண்ணையும், போலீஸ் விசாரணைக்காக அவர்கள் இருக்கும் வீட்டை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லக் கூடாது. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர் மீது பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் முழுதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ கட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

போலீஸ் வாக்குமூலத்தில் தேட வேண்டியவை

முதல் தகவல் அறிக்கையில் குழந்தை நேரில் பார்த்ததாக எழுதியிருக்கிறதா? குழந்தையை எந்தத் தேதியில் விசாரித்தார்கள்? சம்பவத்துக்கும் அந்த நாளுக்கும் நடுவில் குழந்தை யார் வீட்டில் இருந்தது? மூன்றுக்கும் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை சாட்சி வழக்கில் பாதிச் சண்டை இந்த மூன்றைச் சுற்றித்தான் நடக்கும்.

தாமதம் இருந்தாலே சாட்சியம் போய்விடாது. அதற்கு விளக்கம் வேண்டும், அவ்வளவுதான். அரசுத் தரப்பில் இருப்பவர் அந்த விளக்கத்தைப் புலன் விசாரணை அதிகாரியின் வாயிலிருந்து முதல் விசாரணையிலேயே, அதாவது தன் தரப்புச் சாட்சியைத் தானே கேட்கும் கட்டத்திலேயே, கொண்டுவந்துவிட வேண்டும். குறுக்கு விசாரணையில் அடி வாங்கிய பிறகு மறு விசாரணையில் சரிசெய்ய முயன்றால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும்.

மாஜிஸ்திரேட் முன் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 183இல், அதாவது பழைய 164இல், வாக்குமூலம் வாங்கியிருந்தால் நகல் வாங்கிப் படியுங்கள். அது தனியே நிற்கும் சாட்சியம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். கூண்டில் சொல்வதை உறுதிப்படுத்தவோ முரண்பாடு காட்டவோ மட்டுமே அது உதவும். "மாஜிஸ்திரேட்டிடமே சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன" என்று அரசுத் தரப்பில் அசட்டையாக இருந்தவர்கள் பட்டிருக்கிறார்கள்.

போக்சோ வழக்கானால் இன்னும் சில விஷயங்களைச் சரிபாருங்கள். வாக்குமூலம் வாங்கிய அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. முடிந்தவரை உதவி ஆய்வாளர் தரத்துக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்கியிருக்க வேண்டும். குழந்தை நம்பும் ஒருவர் கூட இருந்திருக்க வேண்டும். குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

முன்கேள்விகள்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடக்கிறார்கள். குழந்தை கூண்டில் ஏறியதும் வழக்குக்குள் போவதற்கு முன், நீதிபதி சில கேள்விகள் கேட்டு அதன் புரிதலைப் பார்க்க வேண்டும். பல கோர்ட்டுகளில் இது பேர், பள்ளி, வகுப்பு என்று மூன்று கேள்வியோடு முடிந்து, "சாட்சி கேள்விகளைப் புரிந்துகொள்கிறார்" என்று ஒரு வரி தட்டச்சாகிவிடும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் என்ன செய்யும்? அங்கே குழந்தை இருக்காது, தாள்தான் இருக்கும்.

2023இல் பிரதீப் எதிர் ஹரியானா மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அழுத்திச் சொன்னது. முன்கேள்விகளையும் பதில்களையும் பதிவு செய்ய வேண்டும். குழந்தைக்குப் புரிகிறது என்று நீதிபதி ஏன் கருதுகிறார் என்பதையும் எழுத வேண்டும். பெயருக்கு நடந்த முன்விசாரணை அந்த வழக்கில் அரசுத் தரப்புக்குப் பாதகமாகவே முடிந்தது.

கேள்வியையும் கேள்வியாகவே, பதிலையும் பதிலாகவே எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். நீதிபதிகள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். என்ன கேட்கலாம் என்று நீங்களே ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுக்கலாம். இப்படிப் போகலாம்:

"நேத்து ஸ்கூலுக்குப் போனியா?" "இல்ல. நேத்து ஞாயித்துக்கிழமை."
"இந்தப் பேனா என்ன கலர்?" "நீலம்."
"நான் இதைச் செவப்புன்னு சொன்னா?" "பொய்."
"இங்க எதுக்கு வந்திருக்க?" "அன்னைக்கு நடந்ததச் சொல்ல."
"நான் கேக்கறதுக்குத் தெரியலன்னா என்ன சொல்லுவ?" "தெரியாதுன்னு சொல்லுவேன்."

ஐந்தே கேள்விகள். ஆனால் நாள்கணக்கு தெரிகிறது, உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரிகிறது, வந்த காரியம் தெரிகிறது. "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்துமா?" என்று கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு எந்தக் குழந்தையும் தலையாட்டும். அதனால் எதுவும் நிரூபணமாகாது, குழந்தைதான் பயந்துபோகும்.

சத்தியப் பிரமாணம்

இதை நீட்ட வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின் பிரிவு 4 சொல்வது இது: பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு உண்மை பேச வேண்டும் என்பது புரிந்து, பிரமாணம் என்றால் என்ன என்பது புரியவில்லை என்று நீதிமன்றம் கருதினால், பிரமாணம் இல்லாமலே சாட்சியம் பதிவு செய்யலாம். அதனால் சாட்சியம் செல்லாமல் போகாது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1951 டிசம்பரில் ரமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் மாநிலம் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இதைத் தீர்த்து வைத்துவிட்டார். அங்கே சாட்சி சொன்னது எட்டு வயதுச் சிறுமி. பிரமாணம் விட்டுப்போனால் நம்பகத்தன்மையைப் பற்றி வேண்டுமானால் பேசலாம், சாட்சியத்தையே தள்ள முடியாது. ஆகவே எதிர்த்தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, நிற்கும் ஜூனியர் இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

முதல் விசாரணையும் டிக்டேஷன் தொல்லையும்

குழந்தை கூண்டில் இப்படிச் சொல்கிறது: "அந்த மாமா வந்து அப்பாவத் திட்டுனாரு. அப்பறம் டொப்புன்னு வெட்டுனாரு. அப்பா அப்பிடியே வுழுந்துட்டாரு. நான் ஆயா வீட்டுக்கு ஓடிட்டேன்."

நீதிபதி அதைத் தன் சொற்களில் சொல்லச் சொல்லத் தட்டச்சாவது: "எதிரி சம்பவ இடத்திற்கு வந்து என் தந்தையை ஆபாசமாகத் திட்டி அரிவாளால் தலையில் வெட்டினார். நான் அலறியடித்துக்கொண்டு ஓடினேன்."

எதிரி என்று நம் கோர்ட்டுத் தமிழில் சொல்வது குற்றம் சாட்டப்பட்டவரை. ஏழு வயதுக் குழந்தை யாரையும் எதிரி என்று சொல்லாது. 'சம்பவ இடம்' என்ற சொல்லே அதற்குத் தெரியாது. நாலு வருஷம் கழித்து மேல்முறையீட்டில் இதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான். குழந்தை இயல்பாகச் சொன்னதை நாமே ஒப்புவித்த பாடமாக மாற்றிவிடுகிறோம். என் அனுபவத்தில் 'சொல்லிக் கொடுத்த சாட்சி' என்று கழிக்கப்பட்டவற்றில் சில, கூண்டில் இருந்த குழந்தையின் குற்றமே இல்லை.

அதனால் அரசுத் தரப்பில் இருந்தால், முக்கியமான இரண்டு மூன்று வாக்கியங்களையாவது குழந்தையின் சொல்லிலேயே பதியச் சொல்லிக் கேளுங்கள். நீதிபதியே கேள்வி கேட்கச் சாட்சிய அதிநியத்தின் பிரிவு 168 இடம் தருகிறது. சாட்சி நடந்துகொண்ட விதம் பற்றிக் குறிப்பு எழுத சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 315 இருக்கிறது. "கேள்வி கேட்டதும் தயங்காமல் பதில் சொன்னாள்", "அப்பா பற்றிய கேள்விக்கு அழுதாள், ஐந்து நிமிடம் இடைவேளை விடப்பட்டது" போன்ற ஒரு வரிக் குறிப்பு பின்னால் பெரிய துணையாகும்.

பதிலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்விகளை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், முதல் விசாரணையில் அனுமதியின்றிக் கேட்கக் கூடாது, சாட்சிய அதிநியத்தின் பிரிவு 146. அறிமுக விஷயங்களுக்கும், தகராறு இல்லாதவற்றுக்கும், ஏற்கெனவே போதுமான அளவு நிரூபணமானவற்றுக்கும் மட்டும் விலக்கு. "அரிவாளால வெட்டினாரா?" என்று கேட்டு "ஆமா" வாங்குவதைவிட "அப்பறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். குழந்தையின் மௌனம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அதை நிரப்ப வாயைத் திறந்தீர்கள் என்றால் கெட்டது.

குறுக்கு விசாரணை

பெரியவர்களிடம் நாம் கேட்கும் வழக்கமான வடிவம் ஒன்று உண்டு: "உன் பாட்டி சொல்லிக் கொடுத்ததை இங்கே சொல்கிறாய் என்று சொன்னால் சரியா?" பெரியவர் "சரியல்ல" என்பார். ஏழு வயதுக் குழந்தை "சரி" என்று சொல்லும். வீட்டில் பெரியவர்கள் எதைச் சொன்னாலும் சொல்லும் அதே "சரி". அதேபோல "நீ பார்க்கவில்லை, அப்படித்தானே?" என்றால் வரும் "ஆமா"வுக்கு, ஆமாம் பார்த்தேன் என்றும் பொருள் வரும், ஆமாம் பார்க்கவில்லை என்றும் வரும். இப்படிக் கிடைத்த பதிலை வெற்றி என்று எண்ணி எதிர்த்தரப்பு உட்கார்ந்துவிடும். மேல் நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தாது. கேள்வியைச் சின்னதாக்கி, ஒரு கேள்விக்கு ஒரு விஷயம் என்று கேட்பது இரு தரப்புக்கும் நல்லது.

போக்சோ வழக்கில் நீங்கள் நேராகக் கேட்கவே முடியாது. பிரிவு 33இன்படி கேள்வியை நீதிமன்றத்திடம் கொடுக்க வேண்டும், நீதிமன்றம்தான் குழந்தையிடம் கேட்கும். இது முதல் விசாரணைக்கும் பொருந்தும். அடிக்கடி இடைவேளை உண்டு, நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விக்கு இடமில்லை, குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கவும் கூடாது. இந்தக் கடைசி விஷயம் எதிர்த்தரப்புக்கு ரொம்ப முக்கியம். "இன்றைக்கு சீனியர் இல்லை, பின்னால் மறு அழைப்பு மனு போட்டுக்கொள்ளலாம்" என்ற நினைப்போடு போகாதீர்கள். அந்த மனு தள்ளுபடியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிரிவு 35இன்படி வழக்கைக் கோப்புக்கு எடுத்த முப்பது நாளுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும். நடைமுறையில் தள்ளிப்போகிறது என்றாலும், நீங்கள் முதல் நாளே தயாராக இருங்கள்.

குழந்தையும் குற்றம் சாட்டப்பட்டவரும் நேருக்கு நேர் பார்க்காதபடி திரையோ காணொலி இணைப்போ வேண்டும். அவர் குழந்தை பேசுவதைக் கேட்கவும் தன் வழக்கறிஞரோடு பேசவும் முடிய வேண்டும். கதவு மூடிய விசாரணைதான். நம் கற்பனை வழக்கு மாதிரி போக்சோ அல்லாத வழக்கிலும், எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான தனி அறை உங்கள் நீதிமன்ற வளாகத்தில் இருந்தால் மனு போட்டுக் கேட்கலாம். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த மையங்களை நாடு முழுக்க அமைக்கும் வேலையை வேகப்படுத்தியது.

துணைச் சான்று வேண்டுமா?

கோர்ட்டில் கொராபரேஷன் என்பார்கள். ஒருவர் சொன்னதை வேறொரு இடத்திலிருந்து வரும் சான்று உறுதிப்படுத்துவது.

சட்டப்படி அது கட்டாயம் இல்லை. எந்த உண்மையையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று எண்ணிக்கை கிடையாது, பிரிவு 139. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வேறு விதி இருந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரமாணமின்றிச் சொன்ன குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. இந்தியச் சாட்சியச் சட்டம் அமலில் இருந்த சோமாலிலாந்திலிருந்து ஒரு கொலை வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. பத்துப் பதினோரு வயதுச் சிறுமியின் சாட்சியம். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை, ஆனால் துணைச் சான்று தேடுவது விவேகம் என்று அவர்கள் முடிவு செய்த தீர்ப்பு 1946ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. ரமேஷ்வர் தீர்ப்பும் அதே தடத்தில் போனது. இங்கிலாந்தே 1988இல் தன் விதியை எடுத்துவிட்டது.

1998இல் பஞ்சி எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாகச் சொன்னது: குழந்தைகள் மற்றவர் பேச்சால் எளிதில் அசைவார்கள், அதனால் கூடுதல் கவனத்தோடு எடைபோட வேண்டும், துணைச் சான்று தேடுவது சட்ட விதி என்பதைவிட நடைமுறை விவேகம். கடைசியில் நிற்பது இதுதான்: சாட்சியம் தானே உறுதியாக நின்றால் அது மட்டுமே போதும். கொஞ்சம் ஆடினால் தாங்குவதற்கு ஏதாவது வேண்டும்.

தாங்குவது எது? நம் திண்ணை வழக்குக்கு வருவோம். பிரேதப் பரிசோதனை அறிக்கை வெட்டுக் காயம் என்கிறது. நல்லது, ஆனால் அது வெட்டு நடந்ததைத்தான் சொல்கிறது, யார் என்று சொல்லவில்லை. திண்ணையில் பல்பு எரிந்தது என்பதற்கு மின்வாரிய ஊழியர் சாட்சி. பார்க்க முடிந்திருக்கும் என்பதற்கு அது உதவும். மகஜரில் (போலீஸ் கைப்பற்றியதை எழுதும் ஆவணம்) கைப்பற்றிய கணக்கு நோட்டு, பாதியில் நின்ற கூட்டல், பக்கத்தின் ஓரத்தில் ரத்தத் துளி. எனக்குக் கிடைத்தால் விடவே மாட்டேன். குழந்தை அங்கே உட்கார்ந்திருந்தது என்பதை இதைவிட எது சொல்லும்? ஆனால் இதுவும் எதிரியைத் தொடவில்லை.

எதிரியைத் தொடுவது மற்றவை. அவர் இடம் காட்டி மீட்ட அரிவாள், அதில் இறந்தவரின் ரத்தம். பிறகு, குழந்தை ஓடிப்போய் எதிர்வீட்டு ஆயாவிடம் மூச்சிரைக்கச் சொன்னது: "அந்த மாமா அப்பாவ வெட்டிட்டாரு." ஆயாவைச் சாட்சியாக்குங்கள். சம்பவத்தோடு ஒட்டிய பேச்சாகச் சாட்சிய அதிநியத்தின் பிரிவு 4இன் கீழும், முன்பு சொன்னதாகப் பிரிவு 160இன் கீழும் அது வரும். "குழந்தை சொன்னதையே குழந்தைக்கு எப்படித் துணையாக வைப்பது" என்று கேட்பார்கள். ரமேஷ்வர் வழக்கில் சிறுமி தாயிடம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கு எடை எவ்வளவு என்பது வேறு பேச்சு.

துணைச் சான்று ஒவ்வொரு விவரத்தையும் உறுதிப்படுத்த வேண்டியதில்லை. அப்படி இருந்தால் குழந்தையையே அழைக்க வேண்டாமே. நேரடிச் சான்றாகவும் இருக்க வேண்டாம், சந்தர்ப்பச் சான்று போதும். ஆனால் சுதந்திரமான இடத்திலிருந்து வர வேண்டும், குற்றத்தோடு இந்த ஆளை எங்கேயாவது ஓரிடத்தில் இணைக்க வேண்டும். வாதத்துக்கு முன் ஒரு தாளை நடுவில் மடித்து, 'நடந்தது' என்பதற்கானவற்றை ஒரு பக்கமும் 'இவர் செய்தார்' என்பதற்கானவற்றை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். இரண்டாம் பக்கம் வெறுமையாக இருந்தால் வழக்கு குழந்தையின் தோளில் மட்டும்தான் நிற்கிறது.

சொல்லிக் கொடுத்தார்கள் என்ற வாதம்

2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச மாநிலம் எதிர் பல்வீர் சிங் வழக்கில் வந்த தீர்ப்பை முழுசாகப் படித்துவிடுங்கள். தாயின் கொலையைப் பார்த்த ஏழு வயது மகளின் சாட்சியம். விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, உச்ச நீதிமன்றம் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. குழந்தை சொந்தக்காரர் வீட்டில் இருந்தது என்பதாலேயே சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆகிவிடாது என்பது அதன் சாரம். புதிதாகச் சேர்த்துச் சொல்கிறது என்றால், முன்பு போலீஸில் சொன்னதைக் காட்டி முறைப்படி முரண்பாடு நிறுவ வேண்டும். கதையே கட்டியது என்றால், சொல்லிக் கொடுக்க வாய்ப்பு இருந்தது, அப்படி நடந்திருக்க நியாயமான சாத்தியமும் இருந்தது என்பதற்கு அடித்தளம் போட வேண்டும். ஒரு பகுதி மட்டும் சொல்லிக் கொடுத்தது என்று பிரிக்க முடிந்தால் மிச்சத்தை நம்பத் தடையில்லை.

எதிர்த்தரப்பில் இருக்கிறீர்களா? அப்படியானால் "பாட்டி சொல்லிக் கொடுத்தாரா" என்ற ஒற்றைக் கேள்வியால் பயனில்லை. காலையில் கோர்ட்டுக்கு யாரோடு வந்தாய், வழியில் என்ன பேசினார்கள், இதற்கு முன் இந்த அறையைப் பார்த்திருக்கிறாயா, போலீஸ் மாமா எத்தனை தடவை வீட்டுக்கு வந்தார், அப்போது பாட்டி பக்கத்தில் இருந்தாரா என்று படிப்படியாகக் கேளுங்கள். பிறகு பாட்டி கூண்டில் ஏறும்போது அவரிடமும் அதையே கேளுங்கள், புலன் விசாரணை அதிகாரியிடமும் கேளுங்கள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால்தான் உங்களுக்கு வாதம் இருக்கிறது.

அன்று மாலை

சாட்சியம் முடிந்ததும் பதிவானதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 313. குழந்தை சாட்சி என்றால் மணி ஐந்தாகிவிட்டது, குழந்தை தூங்கி வழிகிறது, எல்லோரும் கிளம்பத் துடிப்பார்கள். அப்போதுதான் கவனமாக உட்கார்ந்து கேட்க வேண்டும். "அந்த மாமா" எந்த இடத்தில் "எதிரி" ஆனார், "டொப்புன்னு" எங்கே காணாமல் போனது என்று பார்த்து, திருத்தம் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் போக்சோ வழக்கின் எந்த நகலிலும் வெளியே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகலுக்கு மறுநாள் காலையிலேயே மனு போட்டுவிடுங்கள்.